‘பிரிடேட்டரி’ என்ற சொல்லும் நாம் எழுதாமல் விட்ட எழுவாயும்

2008ஆம் ஆண்டு செப்டெம்பரில் அமெரிக்காவின் லீமன் பிரதர்ஸ் வங்கி வீழ்ச்சியடைந்த வாரத்தில் வெளிநாட்டுச் செய்திப் பக்கம் எனது பொறுப்பில் இருந்தது. சர்வதேச செய்தி முகவரகங்கள் அனுப்பிய செய்திகளில் ‘பிரிடேட்டரி லெண்டிங்’ என்ற சொற்றொடர் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. அதைத் தமிழில் எவ்வாறு எழுதுவது என்று உதவி ஆசிரியர் ஒருவர் என்னிடம் கேட்டார். பக்கம் அச்சுக்குச் செல்ல இருபது நிமிடங்களே இருந்தன. “முறையற்ற கடன் வழங்கல் என்று போடும்” என்றேன். அவர் அப்படியே போட்டார். மறுநாள் எந்த வாசகரும் அதைக் குறைகூறவில்லை. பிழை என்று எனக்கும் தோன்றவில்லை.

அது பிழைதான் என்பதை நான் விளங்கிக்கொள்வதற்குப் பத்து வருடங்கள் தேவைப்பட்டன. அதை எனக்கு விளக்கியது எந்த அகராதியும் அல்ல. வன்னியில் ஒரு பெண்மணி.

முதலில் சொல்லைப் பார்ப்போம். இலத்தீன் மொழியில் ‘பிரைடா’ என்றால் போரிலே வென்றவர்கள் கைப்பற்றிச் செல்லும் கொள்ளைப் பொருள். அதை அபகரித்துச் செல்பவன் ‘பிரைடேட்டர்’. பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ‘பிரிடேட்டரி’ என்ற சொல் ஆங்கிலத்துக்குள் வந்தபோது, அது சூறையாடித் திரியும் மனிதர்களையே குறித்தது. பிற உயிர்களைக் கொன்று தின்னும் விலங்குகளுக்கு அது பொருந்திவந்தது அதற்குப் பின்னர்தான். எமது பாடசாலை உயிரியல் நூல்களில் ‘இரைகௌவி’ என்று படிக்கிறோமே, அந்தப் பொருள் பிந்தியது. மனிதன் விலங்கைப்போல நடந்துகொள்கிறான் என்று சொல்வதற்காக இந்தச் சொல் பிறக்கவில்லை. மனிதனின் செயலுக்கு இடப்பட்ட பெயரை விலங்கின் மீது பின்னர் சுமத்தினார்கள். பசி தீர்ந்த சிறுத்தை படுத்துறங்கிவிடும். கொள்ளைக்காரனுக்கு அப்படியொரு எல்லை கிடையாது. ஆகவே சிறுத்தையிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே மேலே செல்லவேண்டியிருக்கிறது.

இன்று ஆங்கிலத்தில் இச்சொல் பல இடங்களில் வழங்குகிறது. போட்டியாளரைச் சந்தையில் இருந்து விரட்டுவதற்கென்றே நட்டத்தில் பொருளை விற்பதற்கு அப்பெயர் உண்டு. ஆராய்ச்சியாளர்களிடம் பணத்தைப் பெற்றுக்கொண்டு, ஒழுங்கான மதிப்பீடு எதுவுமின்றிக் கட்டுரைகளை வெளியிடும் போலிச் சஞ்சிகைகளுக்கு 2010ஆம் ஆண்டளவில் அமெரிக்க நூலகர் ஜெஃப்ரி பீல் அப்பெயரைச் சூட்டினார். சிறுவர்களைக் குறிவைத்துத் திரியும் பாலியல் குற்றவாளிகளையும் அச்சொல் சுட்டுகிறது. இவை அனைத்துக்கும் பொதுவான அம்சம் ஒன்று இருக்கிறது. தாக்குபவர் பலவீனமானவரைத் தேடிச் செல்கிறார். அந்தப் பலவீனம் எதுவென்று அவருக்கு முன்கூட்டியே தெரியும். அந்தப் பலவீனமே அவரது வருமானம்.

‘சுரண்டல்’ என்ற எமது அருமையான சொல் இதற்குப் போதாதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். போதாது. தோட்டத் தொழிலாளியின் உழைப்பு சுரண்டப்படுகிறது என்று எழுதும்போது, ஏற்கெனவே ஓர் ஏற்பாட்டுக்குள் அகப்பட்டிருக்கும் மனிதரைப் பற்றிப் பேசுகிறோம். ‘பிரிடேட்டரி’ என்பதோ வெளியே கிளம்பிச் சென்று, யார் விழக்கூடியவர் என்று பார்த்துத் தெரிவு செய்வதைக் குறிக்கிறது. சுரண்டலில் ஒரு முறைமை தெரிகிறது. இதில் ஓர் ஆள் தெரிகிறார். அவருக்கு முகவரி உண்டு.

இனி வன்னிக்கு வருகிறேன்.

2009ஆம் ஆண்டு மே மாதம் யுத்தம் முடிவுக்கு வந்தது. வீடு, கால்நடை, நகை, படகு என்று அனைத்தையும் இழந்து மீள்குடியேறிய மக்கள் மத்தியிலே, கணவரை இழந்த அல்லது கணவர் காணாமல் ஆக்கப்பட்ட பல்லாயிரம் பெண்கள் தனியாகக் குடும்பத்தைச் சுமக்கவேண்டியிருந்தது. அரச வங்கியிலே கடன் பெற உத்தரவாதம் கொடுக்க அவர்களுக்கு ஆள் இல்லை, ஆவணம் இல்லை, காணி உறுதி இல்லை. அந்த வெற்றிடத்துக்குள்தான் கொழும்பைத் தலைமையகமாகக் கொண்ட நிதி நிறுவனங்கள் பல வந்து சேர்ந்தன.

2018ஆம் ஆண்டு நான் ஒரு கட்டுரைக்காக அங்கு சென்றிருந்தபோது, ஒரு கிராமத்தின் மாதர் சங்கக் கட்டடத்தில் பதினைந்து பெண்கள் கூடியிருந்தார்கள். “ஏனம்மா இவ்வளவு வட்டிக்குக் கடன் எடுத்தீர்கள்?” என்று, நகரத்தில் இருந்து வருபவர்கள் வழமையாகக் கேட்கும் அதே கேள்வியை நானும் கேட்டேன். நாற்பது வயது மதிக்கத்தக்க பெண்மணி ஒருவர் பதில் சொன்னார்: “ஐயா, நாங்கள் கடனைத் தேடிப் போகேல்லை. கடன்தான் எங்கட ஒழுங்கைக்குள்ள மோட்டார் சைக்கிள்ல வந்தது. ஆம்பிளை இல்லாத வீடு எது எண்டு விசாரிச்சுத்தான் வந்தது.”

பத்து வருடங்களுக்கு முன்னர் எனக்கு அகப்படாமல் போன சொல்லின் விளக்கம் அந்த மூன்று வாக்கியங்களில் முழுமையாக இருந்தது. ‘முறையற்ற கடன் வழங்கல்’ என்று நான் எழுதியது, படிவம் ஒன்று சரியாக நிரப்பப்படாத குற்றத்துக்குரிய மொழி. அந்தப் பெண்மணி விவரித்தது சூறையாடலை.

கணக்கையும் பார்த்துவிடுவோம். ஒரு பெண்ணுக்கு 50,000 ரூபா கடன் வழங்கப்படுகிறது. ‘ஆண்டுக்கு 24 சதவீதம்தான்’ என்று சொல்லப்படுகிறது. வட்டி 12,000 ரூபாவையும் முதலோடு கூட்டி, 62,000 ரூபாவை 52 வாரங்களால் வகுத்து, வாரம் ஏறத்தாழ 1,192 ரூபா கட்டவேண்டும் என்கிறார்கள். வாராவாரம் முதல் குறைந்துகொண்டு வருகிறது. வட்டியோ கடைசி வாரம்வரை முழு 50,000 ரூபாவுக்கும் கணக்கிடப்பட்டிருக்கிறது. குறைந்துசெல்லும் மீதியின் மீது கணக்கிட்டால் உண்மையான வட்டி வீதம் ஆண்டுக்கு ஏறத்தாழ 44 சதவீதம். ஆவணக் கட்டணம், காப்புறுதி என்று கையில் கொடுக்கும்போதே ஒரு தொகையைக் கழித்துக்கொண்டால் அது மேலும் ஏறும். 2018 செப்டெம்பரில் இலங்கைக்கு விஜயம் செய்த, வெளிநாட்டுக் கடன் தொடர்பான ஐக்கிய நாடுகள் சபையின் சுயாதீன நிபுணர் ஹுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி, ஆண்டுக்கு 220 சதவீதம் வரை செல்லும் நுண்கடன் வட்டியைப் பற்றித் தனது அறிக்கையிலே எழுதினார். வசூலிக்க வருபவர்கள் பெண்களிடம் பாலியல் ரீதியான சலுகைகளைக் கோரியமை பற்றியும் எழுதினார்.

ஒரு கடனைக் கட்டமுடியாதபோது என்ன நடக்கிறது? இன்னொரு நிறுவனத்தின் உத்தியோகத்தர் அடுத்த கடனோடு வருகிறார். அதைக் கட்ட மூன்றாவது கடன். குழுவில் ஒருத்தி தவணை தவறினால் மற்றவர்கள் அவளுக்காகக் கட்டவேண்டும். பணம் வந்து சேரும்வரை எவரும் எழுந்து போகமுடியாது. பங்களாதேஷில் பேராசிரியர் முஹம்மட் யூனுஸ் ஆரம்பித்து, 2006ஆம் ஆண்டு நோபல் சமாதானப் பரிசைப் பெற்ற கிராமீன் வங்கி முறையில், குழு என்பது பெண்கள் ஒருவரையொருவர் தாங்குவதற்கான ஏற்பாடாகச் சொல்லப்பட்டது. இங்கு அது அயலவளைக் கொண்டே அயலவளை அவமானப்படுத்தும் கருவியாக மாறியது. இந்தப் பாதை எங்கு கொண்டுபோய் விடும் என்பதும் எவருக்கும் தெரியாத இரகசியமாக இருக்கவில்லை. பலவந்த வசூலிப்பைத் தடுப்பதற்கு ஆந்திரப் பிரதேச அரசாங்கம் 2010 ஒக்டோபரிலேயே அவசரச் சட்டம் கொண்டுவரவேண்டி வந்தது.

இவை எல்லாவற்றையும் தமிழ்ப் பத்திரிகைகள் எப்படி எழுதின? பழைய பத்திரிகைகளைப் புரட்டிப் பாருங்கள். ‘நுண்கடன் பிரச்சினை’. ‘கடன் சுமை’. ‘கடன் பொறிக்குள் சிக்கிய பெண்கள்’. எல்லாவற்றிலும் கொடூரமானது, ‘கடன் தொல்லையால் குடும்பப் பெண் விபரீத முடிவு’. நானும் இத்தகைய தலைப்புகளை அனுமதித்திருக்கிறேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

இந்தத் தலைப்புகளில் எழுவாய் யார் என்று கேட்டுப் பாருங்கள். பிரச்சினை ‘ஏற்பட்டது’. சுமை ‘அதிகரித்தது’. பெண்கள் ‘சிக்கினர்’. அந்தப் பெண் ‘முடிவெடுத்தாள்’. கடன் என்பது மழையைப்போல, வரட்சியைப்போல வானத்தில் இருந்து வந்து விழுந்திருக்கிறது. கொடுத்தவர் எங்கே? ஒழுங்கைக்குள் வந்தவர் எங்கே? அவரை அனுப்பி இலக்கு நிர்ணயித்தவர் எங்கே? ஒரு மனிதர் தன் உயிரை மாய்த்துக்கொள்வதற்கு ஒரேயொரு காரணத்தைச் சொல்லிவிடமுடியாது என்பதை நான் அறிவேன். அப்படியிருந்தும், இறந்தவளுக்கு மாத்திரம் வினைமுற்றைக் கொடுத்துவிட்டு, அவளது வாசலில் பொழுதுபடும்வரை உட்கார்ந்திருந்தவனுக்கு ஒரு சொல்லைக்கூடக் கொடுக்காமல் விட்டது நடுநிலைமை ஆகாது.

‘பிரிடேட்டரி’ என்ற சொல்லின் வலிமை இங்குதான் இருக்கிறது. அந்தச் சொல்லைப் பயன்படுத்திய மறுகணமே, “யார்?” என்று வாசகர் கேட்டாகவேண்டும். அமெரிக்காவில் நடந்தது அதுதான். வட கரோலினா மாநிலம் 1999ஆம் ஆண்டு இத்தகைய கடன்களுக்கு எதிராகச் சட்டம் இயற்றியது. கடனாளிக்கு எந்த நன்மையுமின்றிப் பழைய கடனைப் புதிய கடனாக மாற்றிக்கொண்டே போவதை அது தடைசெய்தது. அதிக செலவுமிக்க வீட்டுக் கடன்களில், திருப்பிச் செலுத்தும் வல்லமையைப் பாராமல் கொடுப்பதையும் தடைசெய்தது. அடுத்த வருடம் அமெரிக்கத் திறைசேரியும் வீடமைப்புத் திணைக்களமும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கையின் தலைப்பிலேயே அந்தச் சொல் இருந்தது. 2008ஆம் ஆண்டின் வீழ்ச்சியை அது தடுத்துவிடவில்லை என்பது உண்மையே. ஆனால், வீழ்ச்சிக்குப் பிறகு பொறுப்பாளி யார் என்று விவாதிக்கும்போது அந்த நாட்டு மக்களின் வாயில் ஒரு சொல் தயாராக இருந்தது. எமது பெண்களின் வாயில் நாம் எதை வைத்தோம்? ‘தவணை தவறியவர்’ என்ற பட்டத்தை வைத்தோம்.

சொல்லால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களுக்கு எமது நாட்டில் இருந்தே ஓர் உதாரணம் தருகிறேன். ஒரு கையெழுத்துக்காக, ஒரு கொடுப்பனவுக்காகப் பெண்ணின் உடலை விலையாகக் கேட்பதை நாம் நீண்டகாலமாகச் ‘சேட்டை’ என்றும் ‘தகாத முறையில் நடந்துகொள்ளல்’ என்றும் எழுதிவந்தோம். பெண்கள் அமைப்புகள் அதைப் ‘பாலியல் இலஞ்சம்’ என்று அழைக்கத் தொடங்கின. முதலில் காதுக்கு முரடாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சொல், சேட்டையாக இருந்ததைக் குற்றமாக்கியது. 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் தடுப்புச் சட்டத்திலே அது இடம்பெற்றுவிட்டது. சட்டம் முன்னால் போகச் சொல் பின்னால் சென்றது என்று எவரும் சொல்லமுடியாது.

எனது நிலைப்பாட்டுக்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களை நான் அறியாதவன் அல்ல. முதலாவது, ‘அவர்கள் கையெழுத்திட்டுத்தானே வாங்கினார்கள்?’ என்பது. நெருக்கடியில் இருப்பவரின் கையெழுத்து எத்தகையது என்பதைப் பிரிட்டிஷ் குடியேற்றவாத அரசாங்கமே அறிந்திருந்தது. கடுமையானதும் நியாயமற்றதுமான கடன் கொடுக்கல் வாங்கலை நீதிமன்றம் மீண்டும் திறந்து ஆராய்வதற்கு, 1918ஆம் ஆண்டின் கடன் கொடுத்தல் சட்டம் வழிசெய்தது. நூறு வருடங்களுக்கு முன்னர் நிராகரிக்கப்பட்ட வாதத்தை எமது படித்த கனவான்கள் இன்னமும் தூக்கிக்கொண்டு திரிகிறார்கள்.

இரண்டாவது வாதம் ‘நிதி அறிவு’ பற்றியது. பெண்களுக்கு வரவு செலவு தெரியவில்லையாம், ஆடம்பரத்துக்குச் செலவழிக்கிறார்களாம், ஆகவே கருத்தரங்கு நடத்தவேண்டுமாம். 2022 ஏப்ரல் 12ஆம் திகதி இலங்கை அரசாங்கம் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை இடைநிறுத்துவதாக அறிவித்தது. அப்போது நிதியமைச்சின் வாசலில் எவராவது மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பணம் வரும்வரை உட்கார்ந்திருந்தார்களா? அதற்கு ‘கடன் மறுசீரமைப்பு’ என்று கௌரவமான பெயர் கிடைத்தது. கடன் கொடுத்தவர்களும் இழப்பில் பங்கேற்கவேண்டும் என்று பொருளியல் நிபுணர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அந்த நியாயம் 50,000 ரூபா கடனாளிக்கு மாத்திரம் ஏன் பொருந்தாமல் போகிறது?

மூன்றாவது வாதம் சற்றுக் கனதியானது. இந்த நிறுவனங்களும் இல்லாவிட்டால் பெண்கள் மீற்றர் வட்டிக்காரனிடம் அல்லவா போகவேண்டும் என்கிறார்கள். கடனே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விவசாயியின் கடன்பட்ட நிலையைக் கண்டுதான் 1911ஆம் ஆண்டிலேயே இந்த நாட்டில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் பிறந்தது. யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் சிக்கனக் கடனுதவிச் சங்கங்கள் எத்தனை குடும்பங்களைத் தூக்கி நிறுத்தின என்பதை என் தலைமுறையினர் கண்ணால் கண்டவர்கள். அங்கும் வட்டி இருந்தது, தவணை இருந்தது. ஆனால் கடன் கொடுப்பவரும் வாங்குபவரும் ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளினார்கள். கடனாளி விழுந்தால் சங்கத்துக்கு நட்டம். சூறையாடும் கடனிலோ கடனாளி விழுவதே அடுத்த கடனுக்கான வாய்ப்பு. இந்த வேறுபாட்டைச் சொல்வதற்குத்தான் தனியான சொல் வேண்டும் என்கிறேன்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வதும் நியாயமாகாது. 2016ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நுண்நிதிச் சட்டம் வந்தது. ஆனால் அது பொதுமக்களிடம் வைப்புகளைப் பெறும் நிறுவனங்களை மையமாக வைத்து ஆக்கப்பட்டது. வைப்புப் பெறாமல் கடன் மாத்திரம் கொடுப்பவர்களுக்கு வெளியே போக வாசல் இருந்தது. 2018ஆம் ஆண்டு வரட்சியால் பாதிக்கப்பட்ட மாவட்டங்களின் பெண்களுக்கு, ஒரு இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அப்போதைய நிதியமைச்சர் மங்கள சமரவீர அறிவித்தார். வட்டிக்கு 35 சதவீதம் என்ற உச்சவரம்பும் பின்னர் வந்தது. அந்தத் தள்ளுபடித் திட்டத்தின் பெயரை ஊன்றிக் கவனியுங்கள். அது வரட்சி நிவாரணம். அரசாங்கத்தின் மொழியிலும் குற்றவாளி வானமேதான்.

இது தமிழ்ப் பெண்களுக்கு மாத்திரமான துயரமும் அல்ல. 2021 மார்ச் 8ஆம் திகதி, சர்வதேச மகளிர் தினத்தில், பொலன்னறுவை மாவட்டத்தின் ஹிங்குராக்கொடையில் சிங்களப் பெண்கள் இதே கடன்களுக்கு எதிராகச் சத்தியாக்கிரகம் தொடங்கினார்கள். வடக்கில் இருந்தும் கிழக்கில் இருந்தும் அவர்களுக்கு ஆதரவு வந்தது. தலைவர்களால் கட்டமுடியாத பாலத்தைக் கடன்பட்ட பெண்கள் கட்டினார்கள். எமது பத்திரிகைகளில் எத்தனை அதை முதற்பக்கத்தில் போட்டன என்பதை வாசகர்களின் நினைவுக்கே விட்டுவிடுகிறேன்.

சரி, தமிழில் என்ன சொல் என்று கேட்பீர்கள். ‘வேட்டைக் கடன்’ என்று சிலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் தயக்கம் உண்டு. தமிழில் வேட்டைக்கு வீரம் உண்டு, அதிர்ஷ்டமும் உண்டு; ‘இன்றைக்கு நல்ல வேட்டை’ என்று மகிழ்ச்சியாகச் சொல்கிறோம். இலத்தீன் மூலத்துக்கு நெருக்கமாக எம்மிடம் வேறொரு சொல் இருக்கிறது. அது ‘சூறை’. ஆகவே ‘சூறைக் கடன்’ என்று எழுதலாம் என்பது எனது தாழ்மையான அபிப்பிராயம். சூறை என்பது காற்றையும் குறிக்குமே, மீண்டும் வானத்தின் மீதுதானே பழி விழும் என்று தமிழறிந்தவர்கள் கேட்கக்கூடும். ‘சூறையாடினான்’ என்று சொல்லிப் பாருங்கள். அந்த வினைக்கு எழுவாய் இல்லாமல் இருக்கமுடியாது. கோலேந்திய அரசன் குடிமக்களிடம் பொருள் கேட்பதை, வேலேந்திய வழிப்பறிக்காரனின் செயலுக்கு ஒப்பிடத் திருவள்ளுவர் தயங்கவில்லை. ஆறலை கள்வர் என்று பெயரிட்டு அழைத்த மொழி இது. சொல் வறுமை எமக்கு இல்லை. இருந்தது துணிவு வறுமை.

இதைவிடப் பொருத்தமான சொல் இளம் பத்திரிகையாளர்களிடம் இருந்தால் அதையே வழங்குங்கள், எனக்கு வருத்தமில்லை. ஒரு வேண்டுகோள் மாத்திரம். அடுத்த தடவை ‘கடன் தொல்லையால்’ என்று தலைப்பிட விரல் எழும்போது, சற்று நிறுத்தி, தொல்லை கொடுத்தது யார் என்று பிராந்திய நிருபரிடம் கேளுங்கள். விடை தெரிந்தால் எழுதுங்கள். பக்கம் அச்சுக்குச் செல்ல இருபது நிமிடங்களே இருந்தாலும் கேளுங்கள். நான் அன்று கேட்கவில்லை.